சிட்டி கவுன்சில் மீட்டிங்குக்கு ஒரு ரிவ்யூ: பிரவுன் ஆக்ட் சொல்ற கதவு நிஜத்துல எவ்ளோ தொறந்திருக்கு?

கலிஃபோர்னியாவுல நம்மாளுங்க இவ்ளோ பேர் இருக்கோம், வருஷத்துக்கு ரெண்டு தவணை ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டுறோம், பசங்கள பப்ளிக் ஸ்கூல்ல போட்டிருக்கோம், ஆனா அந்தப் பணத்த எங்க செலவு பண்றதுன்னு முடிவெடுக்குற ரூம்ல நம்ம முகம் தேடினாலும் கிடைக்கறதில்ல. அதனாலதான் இந்த ரிவ்யூ. எங்க சிட்டி கவுன்சில் மீட்டிங்க, அதாவது பொதுமக்களுக்கு அங்க கிடைக்குற வசதிய மட்டும் ரிவ்யூ பண்றேன்: அஜெண்டா, லைவ்ஸ்ட்ரீம், மைக், மூடின கதவுக்குள்ள நடக்குறது எல்லாம். எந்த மெம்பர் நல்லவர், யாருக்கு ஓட்டு போடலாம்ங்கறது இதுல கிடையாது. ஊர் பேரும் சொல்லல, ஏன்னா சட்டம் மாநிலம் முழுக்க ஒண்ணுதான், உங்க ஊர் கவுன்சில், கவுண்ட்டி போர்டு, ஸ்கூல் போர்டு எல்லாத்துக்கும் இதே விதிதான்.

லோக்கல் அரசு அமைப்புங்க ஜனங்க முன்னாடி, திறந்த கதவோடதான் கூடணும்னு சொல்ற அந்த சட்டத்துக்குப் பேரு பிரவுன் ஆக்ட், 1953ல வந்தது. அதுக்கு முந்தின வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பேப்பர்ல மைக்கேல் ஹாரிஸ்னு ஒரு ரிப்போர்ட்டர், லோக்கல் கவுன்சில்காரங்க "ஸ்டடி செஷன்", "ஒர்க்‌ஷாப்"னு பேரு வச்சுகிட்டு ரகசியமா கூடி முடிவெடுக்குறாங்கன்னு தொடர் கட்டுரையா எழுதினாரு. அது கெளப்பின சூட்டுல ரால்ஃப் பிரவுன்னு ஒரு அசெம்ப்ளி மெம்பர் சட்டத்த கொண்டு வந்தாரு. 2004ல ப்ராப்பசிஷன் 59ன்னு ஒரு தீர்மானம் ஜனங்க ஓட்டுல பாஸ் ஆனப்புறம், அரசு கூட்டங்கள பாக்குற உரிமை மாநில அரசியல் சட்டத்துக்குள்ளயே போயிருச்சு. அதனால அந்த ரூம்ல நாற்காலி குடுக்குறது யாரும் நமக்கு பண்ற தயவு கிடையாது.

சரி, சர்வீஸுக்கு வரேன். என்னைக் கேட்டா இதுல பெஸ்ட் மீட்டிங் இல்ல, மீட்டிங்குக்கு முன்னாடி வர்ற அஜெண்டாதான். ரெகுலர் மீட்டிங்னா 72 மணி நேரத்துக்கு முன்னாடியே அஜெண்டா ஒட்டியாகணும், வெப்சைட்லயும் போட்டாகணும், ஸ்பெஷல் மீட்டிங்னா 24 மணி நேரம். சிட்டியோட ஹோம் பேஜ்லயே நேரடி லிங்க் இருக்கணும், நாலு மெனுவுக்குள்ள ஒளிச்சு வைக்கக் கூடாது, 2019லேர்ந்து அப்படி ஒரு விதி. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பொதுவா 20 வார்த்தைக்கு மிகாம ஒரு சின்ன விளக்கம் இருக்கும். அந்த 20 வார்த்தைய மட்டும் படிச்சிட்டு மூடிட்டீங்கன்னா ஒண்ணுமே புரியாது, கீழ இருக்கிற ஸ்டாஃப் ரிப்போர்ட்ட தொறக்கணும், சமாச்சாரமே அங்கதான் இருக்கு.

இதுக்கு ஒரு உதாரணம் சொல்லணும், கொஞ்சம் நீளமாத்தான் போகும். எங்க ஊர்ல ஒரே ஒரு பார்க்லதான் கிரிக்கெட் பிட்ச் இருக்கு, சனி ஞாயிறு காலையில நம்ம பசங்க, ஆந்திரா பசங்க, பாகிஸ்தான்காரங்க எல்லாரும் டீம் போட்டு ஆடுவாங்க. ஒரு தடவ பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் கமிஷன், அதாவது பார்க் விஷயத்த பாக்க கவுன்சில் போட்ட குழு, அதோட அஜெண்டாவுல "விளையாட்டு மைதான ஒதுக்கீட்டுக் கொள்கையில் திருத்தம்"னு ஒரு ஐட்டம் வந்துச்சு. கிரிக்கெட்ங்கற வார்த்தையே அதுல இல்ல. எங்க வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு அண்ணன், ரிட்டயர் ஆனவர், அஜெண்டாவும் ரிப்போர்ட்டும் சேர்ந்த கட்ட, அதான் பாக்கெட்ட, ஒண்ணு விடாம பொறுமையா படிப்பாரு, அவருதான் ரிப்போர்ட்டோட உள்பக்கத்துல இருந்த டேபிள ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "தம்பிங்களா, வீக்கெண்ட் காலை ஸ்லாட் ரெண்டையும் சாக்கர் லீகுக்கு குடுக்கப் போறாங்க, பாருங்க"ன்னு போட்டாரு. அது வெள்ளிக்கிழமை ராத்திரி. மீட்டிங் திங்கக்கிழமை சாயங்காலம்.

அந்த இடைவெளியில நடந்ததுதான் எனக்கு இந்த சிஸ்டம் மேல மரியாதைய குடுத்துச்சு. கமிஷனுக்கு எழுதி அனுப்புற ஈமெயில் எல்லாம் பப்ளிக் ரெக்கார்டுல சேரும்னு அண்ணன் சொன்னாரு, அதனால ஆளாளுக்கு காப்பி பேஸ்ட் பண்ணாம அவங்கவங்க சொந்த வார்த்தையில எழுதினோம், எத்தன டீம் ஆடுது, எந்த நேரத்துல ஆடுது, பக்கத்து ஊர்ல பிட்ச் இல்லன்னு. திங்கக்கிழமை காலையில ஒருத்தர் ரிப்போர்ட் எழுதின ஸ்டாஃபுக்கே போன் போட்டாரு, அந்தம்மா ரொம்ப பொறுமையா பேசினாங்க, சாக்கர் பசங்க எண்ணிக்கை கூடிருச்சு, நடுவுல இருக்கிற பிட்ச் மேல சின்னப் பசங்க ஓடி விழுறாங்கன்னு பெத்தவங்க கம்ப்ளெயிண்ட், அதான் காரணம்னு சொன்னாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருந்துச்சு. சாயங்காலம் நாங்க மைக்குக்கு போறதுக்கு முன்னாடியே ஸ்டாஃப் ஒரு மாத்து யோசனையோட வந்துட்டாங்க: சனி காலை சாக்கர், ஞாயிறு காலை கிரிக்கெட், மத்த நேரம் பிட்ச் மேல பாய் விரிச்சு மூடிடுறது. அதுவே பாஸ் ஆச்சு. முழுசா ஜெயிக்கல, ஆனா அந்த 72 மணி நேரம் இல்லன்னா ரெண்டு நாளும் போயிருக்கும், போனதே ஒரு மாசம் கழிச்சு பூட்டு போட்ட கேட்ட பாத்துதான் தெரிஞ்சிருக்கும்.

கமிஷன் மீட்டிங்குக்கும் இதே சட்டம் பொருந்துமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. பொருந்தும். கவுன்சில் முறைப்படி உருவாக்குற கமிஷன், நிரந்தர கமிட்டி எல்லாமே இதுக்குள்ள வரும். கவுன்சில் மெம்பர்ங்க மட்டுமே, அதுவும் மெஜாரிட்டிக்கு கம்மியா உக்காந்து, ஒரு குறிப்பிட்ட வேலைக்காக தற்காலிகமா போடுற கமிட்டி மட்டும் வெளிய நிக்கும். அந்த ஓட்டைய சில ஊர்ல நல்லாவே பயன்படுத்துறாங்க, "அட் ஹாக்"னு பேர் வச்ச கமிட்டி வருஷக்கணக்கா ஓடிச்சுன்னா, இது நெஜமாவே தற்காலிகம்தானான்னு மைக்ல கேளுங்க.

அஜெண்டாவுல குறை என்னன்னா, அந்த 72 மணி நேரத்துல சனி ஞாயிறும் சேர்ந்துடும். செவ்வாய் சாயங்காலம் 7 மணி மீட்டிங்குக்கு சனிக்கிழமை சாயங்காலம் அஜெண்டா போட்டா சட்டப்படி சரி, ஆனா ஞாயிறு போனா மிச்சம் ரெண்டு வேலை நாள்தான், அதுல வேலைக்குப் போறவங்க எப்ப படிக்கிறது? எங்க கவுன்சில் வியாழக்கிழமையே போட்டுடறாங்க, அது அவங்க நல்ல மனசு, கமிஷன்கள்தான் கடைசி நிமிஷம் வரைக்கும் இழுக்குது. மாநில அளவுல இருக்கிற போர்டுகளுக்கு பேக்லி-கீன்னு தனி ஆக்ட் இருக்கு, அதுல 10 நாள் நோட்டீஸ். ஊருக்குப் பக்கத்துல எடுக்குற முடிவுக்கு ஏன் 3 நாள் மட்டும்னு எனக்கு இன்னும் மனசு ஒப்பல. இன்னொண்ணு, பாக்கெட் சில சமயம் நூத்துக்கணக்கான பக்கம், அதுல பாதி ஸ்கேன் பண்ண பிடிஎஃப், தேடினா ஒரு வார்த்தை சிக்காது. இத சரி பண்ண பெரிய செலவெல்லாம் ஆகாது, மனசுதான் வேணும்.

அடுத்து கன்சென்ட் காலெண்டர். தினசரி வேலைன்னு சொல்லி பத்து இருபது ஐட்டத்த ஒரே மூட்டையா கட்டி, பேச்சே இல்லாம ஒரே ஓட்டுல பாஸ் பண்ணுவாங்க. பெரும்பாலும் பில் செட்டில் பண்றது, பழைய மீட்டிங்கோட குறிப்ப (மினிட்ஸ்) ஒத்துக்கறதுன்னு சாதாரண விஷயம்தான், ஆனா பெரிய கான்ட்ராக்ட்டும் அதுக்குள்ளதான் வரும். ஓட்டுக்கு முன்னாடி அதுல எந்த ஐட்டத்த பத்தியும் நாம பேசலாம், ஒரு மெம்பர் கிட்ட முன்கூட்டியே ஈமெயில் போட்டு "இத தனியா எடுத்து பேசுங்க"ன்னு கேட்டா நிறைய தடவ எடுக்குறாங்க. மீட்டிங்ல முதல் அரைமணிக்குள்ளயே இது முடிஞ்சிரும், லேட்டா போனீங்கன்னா அவ்ளோதான்.

இப்ப மைக். ஒருத்தருக்கு 3 நிமிஷம், கூட்டம் ஜாஸ்தியானா 2, சில நாள் 1 நிமிஷம்னு கூட குறைப்பாங்க, நியாயமான அளவுல நேரத்த கட்டுப்படுத்த சட்டம் விடுது. ஆனா சிட்டியையோ அதிகாரிங்களையோ குறை சொல்றீங்கங்கறதுக்காக உங்க பேச்ச நிறுத்த முடியாது. உள்ள வர்றதுக்கு பேர் எழுதணும், அட்ரஸ் குடுக்கணும்னு கட்டாயப்படுத்தவும் முடியாது, சைன்-இன் ஷீட் வச்சிருந்தா அது இஷ்டப்பட்டா எழுதலாம்னு அதுலயே போட்டிருக்கணும். சிட்டிசனா, கிரீன் கார்டா, எச்-1பியான்னு யாரும் கேக்கறதில்ல, பொதுமக்கள்ல ஒருத்தர், அது போதும். "நமக்கு ஓட்டே இல்ல, நாம போய் என்ன பேசுறது"ன்னு தயங்குறவங்களுக்காகவே இத தனியா சொல்றேன். மொபைல்ல வீடியோ எடுக்கலாம், ஆடியோ எடுக்கலாம், கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாத வரைக்கும் தடுக்க முடியாது.

நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு ரொம்ப முக்கியமானது ஒண்ணு இருக்கு. நேரக் கட்டுப்பாடு இருக்கிற மீட்டிங்ல மொழிபெயர்ப்பாளரோட பேசுறவங்களுக்கு குறைஞ்சது ரெண்டு மடங்கு நேரம் குடுக்கணும், பேசும்போதே காதுல மொழிபெயர்ப்பு கேக்குற மெஷின் வச்சிருந்தா மட்டும் விதிவிலக்கு. 2016ல பாஸ் ஆன திருத்தம் இது. எங்க ஊர்ல சீனியர் சென்டர் முன்னாடி ரோட்ட கிராஸ் பண்ற சிக்னல் ரொம்ப சீக்கிரம் மாறிடுது, வாக்கிங் போற ஒரு பாட்டி அத பத்தி பேச வந்தாங்க, பேரன் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொன்னாரு. "பாட்டி, நீங்க பயப்படாம தமிழ்லயே பேசுங்க, நான் பாத்துக்கறேன்"ன்னு அவரு சொன்னது மைக்ல எல்லாருக்கும் கேட்டுச்சு. நடுவுல டைமர் அடிச்சு மேயர் "தேங்க் யூ"ன்னு ஆரம்பிச்சாரு, உடனே சிட்டி கிளர்க், அதாவது அஜெண்டா, ரெக்கார்டு எல்லாம் பாத்துக்கற அதிகாரி, பக்கத்துல சாஞ்சு ஏதோ சொன்னாங்க, டைமர் திரும்ப 3 நிமிஷத்துலேர்ந்து ஓட ஆரம்பிச்சுது. அந்த கிளர்க்குக்கு என் சார்பா முழு மார்க். பாட்டி நடுரோட்ல நிக்கும்போது வண்டி ஹாரன் அடிக்கிறத பத்தி சொன்னத எல்லாரும் நிமிர்ந்து உக்காந்து கேட்டாங்க, டிராஃபிக் டிபார்ட்மெண்ட்ட பாக்கச் சொல்லி அங்கயே சிட்டி நிர்வாகத்த நடத்துற தலைமை அதிகாரியான சிட்டி மேனேஜர்கிட்ட சொன்னாங்க.

புதுசா போறவங்க நிறைய பேர் கோவப்பட்டு வெளிய வர்ற இடமும் இதேதான். அஜெண்டாவுல இல்லாத விஷயத்த நாம பேசுறோம், மேல உக்காந்திருக்கிறவங்க ஒரு பதிலும் சொல்லாம பாத்துகிட்டே இருப்பாங்க, அலட்சியம் பண்றாங்கன்னு தோணும். அலட்சியம் இல்ல, அஜெண்டாவுல இல்லாதத விவாதிக்கக் கூடாதுன்னு அவங்கள இதே சட்டம்தான் கட்டிப் போடுது. விவாதிச்சாங்கன்னா, அந்த விஷயத்துல வேற கருத்து இருக்கிற ஆளுக்கு நோட்டீஸே போகாம முடிவாகிடும்ல. சின்னதா ஒரு பதில் சொல்லலாம், ஸ்டாஃப் கிட்ட பாக்கச் சொல்லலாம், வேற நாள் அஜெண்டாவுல வைக்கச் சொல்லலாம், அவ்ளோதான். அதனால உங்க விஷயம் அஜெண்டாவுல இல்லன்னா "அடுத்த மீட்டிங் அஜெண்டாவுல இத வைங்க"ன்னு நேரடியாவே கேளுங்க, அதுதான் அவங்களால செய்ய முடிஞ்ச வேலை.

லைவ்ஸ்ட்ரீம் சுமார்தான். வீடியோ தெளிவா வருது, பழைய மீட்டிங் எல்லாம் ஐட்டம் வாரியா கிளிக் பண்ணி பாக்கலாம், அது சூப்பர், குழந்தைங்கள தூங்க வச்சிட்டு பத்து மணிக்கு மேல பாக்குறவங்களுக்கு பெரிய உதவி. ஆனா மெம்பர்ங்க மைக்க ஆன் பண்ணாமலே பேசுவாங்க, வீட்ல இருக்கிறவனுக்கு ஒண்ணும் கேக்காது, கேப்ஷன் நம்ம பேரு எதையும் சரியா எழுதாது. கோவிட் சமயத்துல ஜூம்ல வீட்லேர்ந்தே பேச விட்டாங்க, 2023ல பல ஊர் மீட்டிங்ல முகம் தெரியாத ஆளுங்க ஜூம்ல வந்து இனவெறியா கத்தினதால நிறைய சிட்டி அந்த வசதிய எடுத்துட்டாங்க, எங்க ஊர்லயும் எடுத்தாங்க. கத்தினவன் யாரோ, நஷ்டம் வந்தது கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மாவுக்கும், நைட் ஷிஃப்ட் போறவருக்கும், வீல்சேர்ல இருக்கிறவருக்கும்.

க்ளோஸ்டு செஷன்தான் என் ரேட்டிங்க இறக்குது. கதவ மூட சட்டம் விடுற காரணங்கள் எண்ணி சொல்ற அளவுதான்: கோர்ட் கேஸ், நிலம் வாங்குற விக்கிற பேரம், ஒரு அதிகாரியோட நியமனம் இல்ல ஒழுங்கு நடவடிக்கை, யூனியனோட சம்பளப் பேச்சு, இன்னும் சிலது. மூடுறதுக்கு முன்னாடி எத பத்தின்னு அஜெண்டாவுல சொல்லணும், நிலம்னா எந்த நிலம், யார் கூட பேரம்னு வரைக்கும். அந்த ஐட்டம் மேல நாம முதல்ல பேசவும் உரிமை உண்டு, இது முக்கால்வாசி பேருக்கு தெரியாது, அதனால அந்த நேரத்துல ரூம் காலியா இருக்கும். வெளிய வந்தப்புறம் உள்ள எடுத்த சில வகை முடிவுகளையும் யார் எப்படி ஓட்டு போட்டாங்கன்னும் அறிவிக்கணும். எங்க ஊர்ல சிட்டியோட வக்கீல், அதான் சிட்டி அட்டர்னி, அத வாய்க்குள்ளயே முணுமுணுத்துட்டு அடுத்ததுக்கு போயிடுறாரு. எழுதி ஸ்க்ரீன்ல போட்டா என்ன குறைஞ்சு போகுது?

இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்கிறவங்க லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருக்கிற பெல்ங்கற ஊர பாக்கணும். சின்ன ஊர், பெரும்பாலும் உழைக்கிற ஜனங்க. 2010ல லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பேப்பர் வெளிய கொண்டு வந்தப்பதான் தெரிஞ்சுது, சிட்டி மேனேஜர் ராபர்ட் ரிஸோவுக்கு சம்பளம் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர், பார்ட் டைம் கவுன்சில் மெம்பர்ங்க பல பேருக்கு 1 லட்சத்த ஒட்டி, அதுல பெரும்பங்கு பேருக்குக் கூடின போர்டுகள்ல உக்காந்ததுக்கான காசு. அப்புறம்தான் ஜனங்க மீட்டிங்ல வந்து குவிஞ்சாங்க, 2011ல கவுன்சில் மெம்பர்ங்கள ரீகால் பண்ணாங்க, அதாவது ஓட்டு போட்டு பதவியிலேர்ந்து இறக்கினாங்க, ரிஸோ ஜெயிலுக்குப் போனாரு. அந்த அடியிலதான் தலைமை அதிகாரிங்க சம்பளத்த 24 மணி நேர நோட்டீஸ்ல கூட்டுற ஸ்பெஷல் மீட்டிங்ல முடிவு பண்ணக் கூடாதுன்னு விதி வந்துச்சு. அப்புறம் 2016ல, ஓட்டுக்கு முன்னாடி அந்த சம்பள விவரத்த வாயால சொல்லணும்னும் சேர்த்தாங்க. எங்க ஊர்ல அது ஒழுங்கா நடக்குது, ரெக்கார்டிங்ல போய் பாத்தேன்.

ரூமுக்கு வெளிய பேசி முடிக்கிறதையும் சட்டம் தடுக்குது. அஞ்சு பேர் கவுன்சில்ல மூணு பேர் ஒண்ணா உக்காந்து பேசினாதான் தப்புன்னு இல்ல, ஒருத்தர் இன்னொருத்தருக்கு போன், அவரு மூணாவது ஆளுக்கு ஈமெயில்னு சங்கிலியா மெஜாரிட்டி சேர்ந்தாலும் அது சட்டவிரோத மீட்டிங்தான். 2021லேர்ந்து சோஷியல் மீடியாவுக்கும் இது வந்துருச்சு, சிட்டி விஷயமா ஒரு மெம்பர் போட்ட போஸ்ட்டுக்கு இன்னொரு மெம்பர் கமெண்ட் மட்டுமில்ல, லைக், எமோஜி கூட போடக் கூடாது. நமக்குத் தெரிஞ்ச மெம்பர்ங்கள ஒரே வாட்ஸ்ஆப் குரூப்ல சேத்து விடுற நல்ல உள்ளங்க தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, அவங்களத்தான் சிக்கல்ல மாட்டி விடுவீங்க.

மீறினா என்ன பண்றதுன்னா, முதல்ல எழுத்து மூலமா "சரி பண்ணுங்க"ன்னு டிமாண்ட் லெட்டர் குடுக்கணும். பொதுவா 90 நாளுக்குள்ள, ஆனா திறந்த மீட்டிங்லயே அஜெண்டாவுல இல்லாதத முடிவு பண்ணிட்டாங்கன்னா 30 நாளுக்குள்ள. அவங்களுக்கு சரி பண்ண 30 நாள் டைம், பண்ணலன்னா கோர்ட்டுக்கு போகலாம், ஜெயிச்சா வக்கீல் ஃபீஸையும் கேக்கலாம். எங்க ஊர் கமிட்டி ஒண்ணு, பார்க்கிங் பத்தின ஐட்டத்துக்குள்ள திடீர்னு மரம் வெட்டுற தீர்மானத்த சேத்து பாஸ் பண்ணிருச்சு, பக்கத்து தெரு அம்மா ஒருத்தங்க வக்கீலே இல்லாம ஒரு பக்க லெட்டர் எழுதினாங்க, அடுத்த மாசம் அத ரத்து பண்ணி முறையா அஜெண்டாவுல வச்சு திரும்ப பேசினாங்க. ஆனா போலீஸ் மாதிரி இத கண்காணிக்க தனி ஆபீஸ் எதுவும் கலிஃபோர்னியாவுல இல்ல, கவுண்ட்டியோட அரசு வக்கீலான டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி கையில எடுக்கணும், இல்ல நாமளே பண்ணணும், அது எனக்கு பெரிய குறையாத்தான் படுது. மாசச்சூசெட்ஸ்ல பாருங்க, அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்லயே இதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு, முதல்ல அந்த போர்டுகிட்ட கம்ப்ளெயிண்ட், திருப்தி இல்லன்னா அங்க போகலாம்.

வேற ஸ்டேட்ல இருக்கிறவங்க இத அப்படியே எடுத்துக்காதீங்க. நியூயார்க் சட்டம் உக்காந்து பாக்குற உரிமையதான் தருது, பேசுற உரிமைய தரல, பேச விடுறது அந்தந்த போர்டோட முடிவு. நியூ ஜெர்சில முனிசிபல் கவுன்சிலும் ஸ்கூல் போர்டும் ஜனங்க பேச நேரம் ஒதுக்கியாகணும், நோட்டீஸ் 48 மணி நேரம். ஃபுளோரிடா 1967 சட்டம் இன்னும் கறார், ஒரே போர்ட சேர்ந்த ரெண்டே பேர் போர்டு விஷயத்த பேசினாலே அது ஓப்பன் மீட்டிங்தான். வீட்டு அசோசியேஷன், அதான் எச்ஓஏ, அது கலிஃபோர்னியாவுலயும் பிரவுன் ஆக்ட்ல வராது, அதுக்கு டேவிஸ்-ஸ்டர்லிங் ஆக்ட்னு தனி.

அஜெண்டாவுக்கு அஞ்சு ஸ்டார் தாராளமா, சிட்டி கிளர்க் ஆபீஸுக்கும் அதே. மைக்குக்கு நாலு, லைவ்ஸ்ட்ரீமுக்கு மூணு, க்ளோஸ்டு செஷன் அறிவிப்புக்கு ரெண்டுக்கு மேல மனசு வரல. ட்ரை பண்றவங்க சிட்டி கிளர்க்குக்கு ஒரு ஈமெயில் போட்டு, எல்லா மீட்டிங் அஜெண்டாவையும் எனக்கு அனுப்புங்கன்னு எழுத்துல கேளுங்க. அந்த ரிக்வெஸ்ட் அந்த காலண்டர் வருஷத்துக்குதான் செல்லும், ஜனவரி பொறந்ததும் திரும்ப அனுப்பணும்.